விளைநிலத்தில் சூரிய மின் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்புற விளைநிலங்களில் பெரிய அளவிலான சூரிய மின் நிலையங்கள் வரும்போது நிலம் வைத்திருப்போர், குத்தகைக்குப் பயிரிடுவோர், பக்கத்து வயல்காரர்கள் ஆகியோர் மனத்தில் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பேனல் தன்னளவில் நிலத்துக்குச் செய்யும் கேடு குறைவு. எந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்டுமானத்தின்போது மண்ணை எப்படிக் கையாளுகிறார்கள், பத்திரத்தில் என்ன எழுதுகிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்தே பெரும்பாலான நன்மையும் தீமையும் அமைகின்றன என்பது இவ்விடைகளை எழுதியவரின் கருத்து.

ஒரு மெகாவாட் நிலையத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

தரையில் அமைக்கப்படும் நிலையங்களுக்கு மெகாவாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் வரை தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் சட்டங்களில் பேனல்களைப் பொருத்தினால் இது இன்னும் கூடும். இந்த நிலம் முழுவதையும் பேனல்கள் மூடிவிடுவதில்லை. ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையின் மேல் விழுந்தால் உற்பத்தி குறையும் என்பதால் வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டியிருக்கிறது; வேலியோரப் பாதை, இன்வெர்ட்டர் அறைகள், மின்மாற்றி, வடிகால் ஆகியவற்றுக்கும் இடம் போகிறது. பெரும்பாலான நிலையங்களில் வேலிக்குள் இருக்கும் பரப்பில் ஏறக்குறைய பாதி வெறும் தரையாகவே கிடக்கும். அந்த மீதிப் பாதியை என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிலத்தின் கதி மாறும்.

நல்ல வெயில் கிடைக்கும் பகுதியில் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். பயிர்கள் பொதுவாகத் தம்மேல் விழும் ஒளியாற்றலில் 1 சதவீத அளவையே உயிர்ப்பொருளாக மாற்றுகின்றன. இன்றைய சிலிக்கான் பேனல்கள் 20 சதவீதத்துக்கும் மேல் மின்சாரமாக மாற்றுகின்றன. எரிபொருளுக்காகப் பயிர் வளர்க்கும் நிலத்தோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு பொருள் உடையது. உணவுக்காக விளைவிக்கும் நிலத்தோடு ஒப்பிட இது உதவாது. மின்சாரத்தைச் சாப்பிட முடியாது.

வேறு இடமே இல்லாததுபோல் ஏன் விளைநிலத்தையே தேடி வருகிறார்கள்?

நல்ல வயலுக்கு உள்ள குணங்களே நல்ல மின் நிலையத்துக்கும் வேண்டியிருப்பதுதான் காரணம். சமதளமாகவும், மரங்களும் பாறைகளும் அகற்றப்பட்டதாகவும், சாலையோரமாகவும், வெள்ளம் தேங்காததாகவும் இருக்கும் நிலத்தைப் பல தலைமுறை உழவர்கள் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைவிட வலுவான காரணம் துணைமின் நிலையம். மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கம்பிப்பாதை நீள நீளச் செலவும் இழப்பும், வழியில் உள்ள நில உரிமையாளர்களோடான பேச்சுவார்த்தையும் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒரு நிறுவனம் வரைபடத்தை விரித்தவுடன் முதலில் தேடுவது மண்ணின் வகையை அன்று. மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளத் திறன் மிச்சமுள்ள துணைமின் நிலையத்தையே தேடுகிறது. அதைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பது பாசன வயலா, மானாவாரிப் புன்செயா என்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது. விளைநிலத்தைக் காக்க விரும்பும் அரசு, தரிசுப் பகுதிகளுக்கு மின்பாதையை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று சொல்லலாம்.

இதனால் உணவு உற்பத்தி குறைந்துவிடுமா?

நாடு முழுவதற்கும் போடும் கணக்கும் ஒரு வட்டாரத்துக்குப் போடும் கணக்கும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. இரு தரப்பினரும் தமக்கு ஏற்ற கணக்கையே எடுத்துக் காட்டுவதால் விவாதம் குழம்புகிறது.

நாட்டளவில் பார்த்தால் சூரிய மின் நிலையங்கள் பிடிக்கும் பரப்பு சிறியது. பிரிட்டனில் இந்த விவாதம் மிகக் கடுமையாக நடக்கிறது; ஆயினும் தரையில் அமைந்த நிலையங்கள் அங்கே மொத்த நிலப்பரப்பில் 0.1 சதவீத அளவையே பிடித்திருக்கின்றன. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் எரிபொருளுக்காகச் செல்கிறது. நகர விரிவாக்கம், மண் அரிப்பு, உவர்ப்பு ஆகியவற்றால் இழக்கப்படும் விளைநிலத்தையும் சேர்த்து எண்ணினால், உணவுப் பற்றாக்குறைக்குச் சூரிய மின்சாரத்தை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

ஆனால் நிலையங்கள் நாடு முழுவதும் சீராகப் பரவுவதில்லை. துணைமின் நிலையங்களைச் சுற்றிக் குவிகின்றன. ஒரே வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் சாகுபடியிலிருந்து விலகும்போது அங்குள்ள அரவை ஆலை, விதைக்கடை, உழவு எந்திரம் வாடகைக்கு விடுபவர், தீவனம் வாங்கும் பால் பண்ணை ஆகிய எல்லாருடைய தொழிலும் மெலிகிறது. மீதமுள்ள உழவர்களுக்குக் குத்தகை நிலம் கிடைப்பது அரிதாகி, கிடைக்கும் நிலத்தின் வாடகையும் ஏறுகிறது. தேசியப் புள்ளிவிவரத்தில் இவை தென்படுவதில்லை.

இதனால்தான் சில நாடுகள் நிலத்தின் தரத்தைக் கொண்டு வரம்பு கட்டுகின்றன. இங்கிலாந்தில் விளைநிலம் தரவாரியாகப் பிரிக்கப்பட்டு, 1, 2, 3அ ஆகிய தரங்கள் சிறந்த நிலம் எனக் கருதப்படுகின்றன. மின் நிலையத்துக்கு அனுமதி கேட்கும்போது அதற்குக் கீழான நிலம் ஏன் கிடைக்கவில்லை என்பதை விளக்க வேண்டியிருக்கிறது. இத்தாலி 2024இல் விளைநிலத்தில் தரையோடு அமைக்கும் நிலையங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, பயிரோடு சேர்ந்து இயங்கும் உயர்ந்த அமைப்புகளுக்கு விலக்கு அளித்தது.

தரிசு நிலத்தில் அமைத்தால் யாருக்கும் பாதிப்பு இல்லையே?

ஆவணத்தில் தரிசு என்று எழுதப்பட்டிருப்பது பயன்படாத நிலம் என்று பொருள்படாது. உழவு செய்யப்படாத நிலத்தில் ஆடுமாடு மேய்கிறது. விறகும் மூலிகையும் கிடைக்கின்றன. மழைநீர் அதன் வழியாகத்தான் ஏரிக்கோ குளத்துக்கோ வந்து சேர்கிறது. இவற்றை நம்பி வாழ்பவர்களிடம் பெரும்பாலும் உரிமைப் பத்திரம் இருக்காது என்பதால் இழப்பீட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது.

இந்தியாவின் ராஜஸ்தானில் இது தெளிவாகத் தெரிகிறது. 2,245 மெகாவாட் திறன் கொண்ட பட்லா சூரிய மின் பூங்கா அங்கேதான் இருக்கிறது. அதே மேற்கு ராஜஸ்தானில் ஓரன் எனப்படும் கோயில் காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் மின் திட்டங்களுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் கால்நடை வளர்ப்போரிடம் தொடர்ந்து எழுந்து வருகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பறவை அப்புல்வெளிகளில் வாழ்வதால், உயரழுத்த மின்கம்பிகளில் அது மோதி இறப்பது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லுமாறு ஆணையிட்டது. 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. ஆள் நடமாட்டம் குறைந்த வறண்ட வெளியிலும் இத்தனை சிக்கல் இருக்கும்போது, தரிசு என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டு நிம்மதி அடைவதற்கில்லை.

மண் கெட்டுப்போகுமா?

கெடுவது பெரும்பாலும் கட்டுமானம் நடக்கும் சில மாதங்களில்தான்.

பேனல்களைத் தாங்கும் இரும்புத் தூண்கள் பெரும்பாலான நிலையங்களில் கான்கிரீட் இல்லாமல், சுத்தியல் பொருத்திய எந்திரத்தால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நேரடியாக மண்ணில் அடித்து இறக்கப்படுகின்றன. அடித்த தூணைப் பின்னால் பிடுங்கிவிடலாம். மண் பெரிதாகக் கலையாது. சேதம் வேறு மூன்று வழிகளில் நேர்கிறது. முதலாவது, மேடுபள்ளத்தைச் சமன்செய்வதற்காக மேல்மண்ணை வழித்து ஒதுக்குவது. ஒரு சாண் ஆழ மேல்மண்ணில்தான் மட்கிய சத்தும் நுண்ணுயிர்களும் செறிந்திருக்கின்றன; அதை அடிமண்ணோடு கலந்துவிட்டால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். இரண்டாவது, ஈரமாக இருக்கும்போது கனரக வாகனங்களை ஓட்டுவது. களி மிகுந்த மண் அந்த எடையில் இறுகி, வேரும் நீரும் இறங்க முடியாத தட்டாகிவிடுகிறது. மூன்றாவது, மின்வடம் பதிக்கத் தோண்டும் அகழிகள். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து அதே வரிசையில் நிரப்புவது எளிய வேலைதான். ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் அது நடப்பது அரிது.

நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு கவனிக்க வேண்டிய இடம் பேனலின் கீழ் விளிம்பு. இரண்டு மீட்டர் நீளமுள்ள சாய்ந்த கண்ணாடியின் மேல் விழும் மழை முழுவதும் அந்த விளிம்பில் திரண்டு, ஒரே கோட்டில் மண்ணில் இறங்குகிறது. புல் மூடாத தரையாக இருந்தால் ஓரிரு கனமழையிலேயே அந்தக் கோடு நெடுகச் சிறு குழிகள் விழும். அடுத்தடுத்த மழைகளில் அவை ஒன்றோடொன்று இணைந்து வாய்க்காலாகி, சரிவு இருக்கும் பக்கமாக மண்ணை இழுத்துச் செல்லும். தூண் அடிப்பதற்கு முன்பே புல்லோ நிலமூடிப் பயிரோ விதைத்து வேர்பிடிக்க விட்டுவிட்டால் இந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. இதற்கு மாறாக, புல் வளர்ந்தால் வெட்டும் செலவு வரும் என்று களைக்கொல்லி தெளித்தோ சரளைக்கல் பரப்பியோ தரையை மொட்டையாக வைத்திருக்கும் நிலையங்களும் இருக்கின்றன. அத்தகைய நிலத்தைத் திரும்பப் பெறும் உழவர் நிறையப் பாடுபட வேண்டியிருக்கும்.

நன்றாகப் பராமரிக்கப்பட்ட நிலையத்தில் மண்ணுக்கு நன்மையும் உண்டு. இருபது இருபத்தைந்து ஆண்டுகள் உழவும் உரமும் பூச்சிமருந்தும் இன்றி, நிரந்தரப் புல்லின் கீழ் கிடக்கும் மண்ணில் கரிமச்சத்து கூட வாய்ப்பிருக்கிறது.

பேனல்களிலிருந்து நச்சுப்பொருள் மண்ணில் கசியுமா?

சந்தையில் உள்ள பேனல்களில் மிகப் பெரும்பாலானவை சிலிக்கான் வகை. கண்ணாடி, அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் உறை, சிலிக்கான் ஆகியவையே அவற்றின் எடையில் ஏறத்தாழ முழுவதும். பற்றவைப்பில் சிறிதளவு ஈயம் இருக்கும். காட்மியம் டெலுரைடு பூசிய மெல்லேட்டுப் பேனல்களும் உண்டு. இரண்டிலும் வேதிப்பொருள்கள் கண்ணாடிக்கு உள்ளே அடைபட்டிருப்பதால் உடையாத பேனலிலிருந்து கசிவு ஏற்படுவதில்லை. ஆலங்கட்டி மழையிலோ புயலிலோ உடைந்த பேனல்களை உடனே அகற்ற வேண்டும். அப்போது உழவருக்கு ஈயத்தைவிடப் பெரிய தொல்லை கண்ணாடிச் சில்லுகள்தான். மேய்ச்சல் நிலத்திலும் கிழங்கு தோண்டும் வயலிலும் அவற்றைப் பொறுக்கி எடுத்து முடிவதில்லை.

தண்ணீர் நிறையச் செலவாகுமா?

பாசனத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அனல்மின் நிலையத்தைப் போல் குளிர்விக்க நீர் தேவைப்படுவதில்லை. தூசி படிந்த கண்ணாடியைக் கழுவ மட்டுமே தேவை. ஆனால் தூசி மிகுந்த இடங்களும் நீர் குறைந்த இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அந்தக் குறைந்த தேவையும் ஊர்க் கிணற்றிலிருந்து எடுக்கப்படும்போது சச்சரவு மூளுகிறது. 2016இல் தமிழ்நாட்டின் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்தில் பேனல்களைத் துடைக்க ரோபோக்கள் அமர்த்தப்பட்டன. நீரின்றித் துடைக்கும் எந்திரங்களும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. எங்கிருந்து நீர் எடுக்கப்படும் என்பதை அனுமதி வழங்கும் கட்டத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது.

சுற்றுவட்டாரத்தில் வெப்பம் கூடுமா?

நிலையத்துக்குள் கூடலாம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, இரவில் மின் நிலையத்தின் காற்று அருகிலிருந்த திறந்தவெளியைவிட 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமாக இருந்ததைக் கண்டது. செடிகொடிகளை அகற்றிய வெற்றுத் தரையில் இந்த விளைவு மிகுதி. கீழே பசுமை இருந்தால் இலைகள் வெளியிடும் ஈரம் சூட்டைத் தணிக்கிறது. வேலியை விட்டு விலக விலக வெப்பநிலை வேறுபாடு விரைவாகக் குறைந்துவிடுவதால், மழை பொய்ப்பதற்கும் ஊர் முழுவதும் சூடாவதற்கும் பேனல்களைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பேனலுக்குக் கீழேயே பயிர் செய்ய முடியாதா?

முடியும். வேளாண் சூரிய மின் முறை என்றும் அக்ரிவோல்டாயிக்ஸ் என்றும் அழைக்கப்படும் இந்த யோசனையை ஜெர்மானிய இயற்பியலாளர் அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர் 1980களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். ஜப்பானில் 2004 வாக்கில் அகிரா நகாஷிமா என்ற பொறியாளர் குறுகிய பேனல்களை உயரமான குழாய்ச் சட்டங்களில் இடைவெளிவிட்டுப் பொருத்தி அதைச் செய்து காட்டினார்.

இதன் அடிப்படை எளிது. நெல், கோதுமை, உருளைக்கிழங்கு, பயறு வகைகள் போன்ற, சி3 எனப்படும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்ட பயிர்களின் இலைகள் உச்சிவெயிலில் கிடைக்கும் ஒளி முழுவதையும் பயன்படுத்த முடியாமல் ஒரு கட்டத்தில் நிறைவடைந்துவிடுகின்றன. அதற்கு மேல் வரும் ஒளி வெப்பமாகி நீரிழப்பையே கூட்டுகிறது. அந்த மிகுதியைப் பேனல் எடுத்துக்கொண்டால் பயிருக்குப் பெரிய இழப்பு இல்லை. மக்காச்சோளம், கரும்பு, சோளம் போன்ற சி4 வகைப் பயிர்களுக்கு இந்த நிறைவுநிலை எளிதில் வருவதில்லை என்பதால் நிழல் அவற்றின் விளைச்சலைக் குறைக்கும். மஞ்சளும் இஞ்சியும் இயல்பிலேயே நிழலைத் தாங்குபவை.

எண்களைப் பார்த்தால் இதன் வலிமையும் எல்லையும் தெரியும். ஜெர்மனியின் ஹெகல்பாக் என்ற ஊரில் ஒரு ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள வயலின் மேல், உழவு எந்திரங்கள் கீழே ஓடும்படி 5 மீட்டர் உயரத்தில், 194 கிலோவாட் பேனல்கள் 2016இல் நிறுவப்பட்டன. 2017இல் கோதுமை, உருளைக்கிழங்கு, செலரி ஆகியவற்றின் விளைச்சல் திறந்தவெளியைவிட 18, 19 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டின் கோடை கடும் வெப்பமும் வறட்சியுமாக இருந்தபோது கதை தலைகீழானது: செலரி 12 சதவீதமும், உருளைக்கிழங்கு 11 சதவீதமும், கோதுமை 3 சதவீதமும் கூடுதலாக விளைந்தன. அரிசோனாவில் 2019இல் வெளியான ஆய்வில், பேனல் நிழலில் வளர்ந்த சில்டெப்பின் என்ற காட்டு மிளகாய் மூன்று மடங்கும் தக்காளி இரண்டு மடங்கும் காய்த்தன; செடிகளிலிருந்து வெளியேறிய ஈரத்தால் மேலிருந்த பேனல்களும் குளிர்ச்சியாக இருந்தன. ஆக, வெயிலும் வறட்சியும் கடுமையாக இருக்கும் இடத்தில்தான் நிழலின் பயன் மிகுதி. மேகமூட்டமான குளிர்நாட்டில் அதே நிழல் இழப்பாகிவிடும்.

அப்படியானால் ஏன் எல்லாரும் அதைச் செய்வதில்லை?

உயரம் கூடக்கூட இரும்பும் அடித்தளமும் கூடும்; காற்றின் விசையைத் தாங்கும் செலவும் ஏறும். கீழே உழவு எந்திரம் திரும்புவதற்கும் தூண்களில் மோதாமல் அறுவடை செய்வதற்கும் வயலின் அமைப்பையே மாற்றத் திட்டமிட வேண்டும். இருபுறமும் ஒளியை வாங்கும் பேனல்களை வேலிபோல் செங்குத்தாக நிறுத்தி, நடுவே வழக்கம்போல் உழுவது இதற்கு ஒரு மாற்று. காலையிலும் மாலையிலும் கூடுதல் உற்பத்தி தரும் இம்முறையில் வயலின் பெரும்பகுதி பயிருக்கே மிஞ்சுகிறது.

பெயரளவில் பயிர் செய்வது இம்முறையின் மற்றொரு சிக்கல். சலுகை கிடைக்கிறது என்பதற்காக நான்கு செடிகளை நட்டுவிட்டு வேளாண்மை என்று காட்டுவோர் இருக்கிறார்கள். இதைத் தடுக்க ஜப்பான் 2013இல் அனுமதி வழங்கியபோதே, விளைச்சல் அந்த வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. பிரான்ஸ் 2024இல் வெளியிட்ட விதிகள், பேனல் இல்லாத ஒப்பீட்டு வயலின் விளைச்சலில் 90 சதவீதம் வர வேண்டும் என்றும், பெரிய நிலையங்களில் பேனல்கள் நிலப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் மூடக்கூடாது என்றும் கூறுகின்றன. விளைச்சலை அளக்காமல் வழங்கும் சலுகை எந்த நாட்டிலும் ஏமாற்றுக்கே வழிவகுக்கும்.

ஆடுமாடு மேய்க்கலாமா?

செம்மறியாடு மிகவும் பொருந்தும்; புல் வெட்டும் செலவு மிச்சமாவதால் நிலையத்தார் மேய்ப்பவருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. வெள்ளாட்டை விட்டால் சட்டத்தின் மேல் ஏறும், மின்வடத்தையும் கடிக்கும். மாடு உடம்பைத் தேய்த்துத் தூணைச் சாய்க்கும் என்பதால் அதற்கு உயரமும் வலுவும் கூடிய சட்டங்கள் வேண்டும்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

நில உரிமையாளருக்கு மழையையும் சந்தை விலையையும் நம்பாத நிலையான வருமானம் கிடைக்கிறது. மானாவாரி நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொய்த்துப்போகும் பயிரை நம்பிக் கடன்பட்டவர்களுக்கு இது சிறிய நன்மை அன்று. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா அமைக்கப்பட்டபோது நிலத்தை விலைக்கு வாங்காமல் உழவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் அப்பகுதியில் நில உரிமை கைவிட்டுப் போகாததும், வாடகை குறிப்பிட்ட கால இடைவெளியில் உயர்வதும் பலரை ஒப்புக்கொள்ளச் செய்தன.

நட்டம் விழுவது நிலம் இல்லாதவர்கள் மேல். களை எடுத்தவர், நாற்று நட்டவர், அறுவடைக்குப் போனவர், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரமுறையில் பயிரிட்டவர் ஆகிய எவருக்கும் அந்த வாடகையில் பங்கில்லை. வேலி போட்டவுடன் அவர்களுடைய வேலை நாள்கள் மறைகின்றன. மேய்ச்சலுக்கும் வழி அடைபடுகிறது. கட்டுமானம் நடக்கும் வரை ஆள் தேவைப்படும். முடிந்த பிறகு காவல், புல் வெட்டுதல், பேனல் துடைத்தல் ஆகிய சில வேலைகளே எஞ்சும். பரப்போடு ஒப்பிட்டால் அவை சொற்பம். பெரும்பாலும் பெண்கள் செய்துவந்த வயல் வேலைக்கு ஈடாக நிலையம் தரும் வேலைகள் ஆண்களுக்கே போய்ச் சேர்கின்றன என்பதும் கவனிக்கத் தக்கது. இத்திட்டங்களின் நியாயத்தை எடைபோடும்போது வாடகைத் தொகையைவிட இந்த மக்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

குத்தகைப் பத்திரத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கையெழுத்திடும் முதல் தாள் பெரும்பாலும் குத்தகைப் பத்திரமாக இருக்காது. நிலத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் சில ஆண்டுகள் தமக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லும் முன்னுரிமை ஒப்பந்தமாகவே இருக்கும். அந்தக் காலத்தில் பயிர் செய்யலாமா, பணம் உண்டா, திட்டம் வராவிட்டால் ஒப்பந்தம் தானாக முடியுமா என்பவற்றை அப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு கூடும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 25 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு எவ்வளவு சரியும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். நிறுவனம் தன் உரிமையை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா, குத்தகை உரிமையை வங்கியில் அடகு வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் தொடக்கத்தில் பேச வந்தவர்கள் கடைசிவரை இருப்பது அரிது. நிலத்தின் வகைப்பாடு வேளாண்மை அல்லாததாக மாறினால் வரி கூடும் இடங்களும், பாசன மின்சாரம், பயிர்க்கடன் போன்ற சலுகைகள் நின்றுபோகும் இடங்களும் உண்டு. அந்தச் சுமையை யார் ஏற்பது என்பது பத்திரத்தில் இல்லாவிட்டால் அது உரிமையாளர் தலையில்தான் விழும்.

யாவற்றிலும் பெரியது அகற்றும் பொறுப்பு. பேனல், தூண், மின்வடம், சரளைப் பாதை ஆகியவற்றை எத்தனை அடி ஆழம்வரை எடுக்க வேண்டும், எத்தனை மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்று குறிப்பிடுவதோடு, அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே வங்கி உத்தரவாதமாக வைக்கச் சொல்ல வேண்டும். நிறுவனம் நொடித்துப்போனால் பத்திரத்தில் உள்ள வாக்குறுதியால் ஒரு தூணைக்கூடப் பிடுங்க முடியாது. மொழியும் சட்டமும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம், நிறுவனம் ஏற்பாடு செய்தவரிடம் அன்றி, பத்திரத்தைப் படிக்கக் கொடுப்பது தேவையற்ற செலவு ஆகாது.

25 ஆண்டுகள் முடிந்தால் நிலம் பழையபடி வயலாகுமா?

ஆகக்கூடும், ஆனால் அப்படித்தான் நடக்கும் என்று கருத வேண்டாம். பேனல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் திறன் இழக்கின்றன என்பதால் 25 ஆண்டுகளுக்குப் பிறகும் அவை பெருமளவு உற்பத்தி செய்துகொண்டிருக்கும். மின்பாதை ஏற்கெனவே வந்துவிட்ட இடத்தைக் கைவிடுவதைவிடப் புதிய பேனல்களை மாற்றிப் பொருத்தித் தொடர்வதே நிறுவனத்துக்கு லாபம். இடைப்பட்ட காலத்தில் வரப்பும் வாய்க்காலும் மறைந்திருக்கும், கிணறு தூர்ந்திருக்கும், அந்த நிலத்தில் எது எப்போது விளையும் என்று தெரிந்த தலைமுறையும் கடந்திருக்கும். கழித்த பேனல்களின் கதியையும் இப்போதே கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் திருத்திய மின்னணுக் கழிவு விதிகளில் பேனல்களையும் சேர்த்து, உற்பத்தியாளரே திரும்பப் பெற வேண்டும் என்று ஆக்கியது.

விளைநிலத்தைத் தொடாமல் சூரிய மின்சாரம் எடுக்க வழியில்லையா?

கூரைகள், வாகன நிறுத்துமிடங்கள், கைவிடப்பட்ட சுரங்கங்கள், மூடப்பட்ட குப்பைமேடுகள், நீர்த்தேக்கங்கள் என இடங்கள் பல. குஜராத்தில் 2012இல் நர்மதைக் கிளைக் கால்வாய் ஒன்றின் மேல் 750 மீட்டர் நீளத்துக்கு 1 மெகாவாட் அளவில் பேனல்கள் அமைக்கப்பட்டு, நீர் ஆவியாவதும் குறைந்தது. இவை அனைத்தும் திறந்த வயலில் அமைப்பதைவிடப் பொதுவாகச் செலவு கூடியவை. அந்தக் கூடுதல் செலவை மின்கட்டணத்தில் ஏற்பதா, வயல்களை இழப்பதன் வழியாக ஏற்பதா என்பதே உண்மையான தெரிவு. இரண்டும் இலவசம் என்பதுபோல் பேசும் கொள்கை அறிக்கைகளை ஐயத்தோடு படிப்பது நல்லது.

வயல்காரரே சிறிய அளவில் அமைத்துக்கொண்டால்?

பாசனப் பம்புக்குத் தேவையான சில கிலோவாட் பேனல்கள் வயலின் மூலையில் அடங்கிவிடும். ஆனால் எரிபொருள் செலவின்றி நீர் வரும்போது தேவைக்கு மேல் இறைக்கும் போக்கு வளர்ந்து நிலத்தடி நீர் சரியலாம். மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியம் விலைக்கு வாங்கிக்கொண்டால் நீரை மிச்சம் பிடிப்பதும் வருமானமாகிறது. குஜராத்தின் துண்டி என்ற சிற்றூரில் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து இப்படி மின்சாரம் விற்றுக் காட்டினார்கள்.

பக்கத்து நிலத்தில் நிலையம் வருகிறது. எனக்கு அதில் பங்கில்லை. நான் என்ன செய்வது?

வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் வயலின் நிலையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மழைநீர் வரும் வழியும் போகும் வழியும், வரப்புகள், கிணற்றின் நீர்மட்டம், பொதுப்பாதையின் அகலம் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து வைத்தால், பின்னால் சேதம் நேரும்போது சான்று கையில் இருக்கும். வடிகால் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிலையத்தின் நீர் உங்கள் பக்கம் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா, நெடுநாளாக வந்த நீர் தடுக்கப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். கட்டுமானத் தூசி பூக்கும் பருவத்தில் பயிரின் மேல் படியாதபடி பாதையில் நீர் தெளிக்கச் சொல்லலாம். இன்வெர்ட்டரின் இரைச்சல் பகலில் மட்டுமே இருக்கும். அதை வீடுகளிலிருந்து தள்ளி வைக்க வரைபட நிலையிலேயே கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், நிறுவிய பின் கேட்டால் நகர்த்தவும் மாட்டார்கள். முதல் பருவமழை முடிந்தவுடன் எல்லை வரப்பு நெடுக ஒருமுறை நடந்து பார்த்து, புதிதாக அரிப்பு விழுந்திருந்தால் அதே வாரத்தில் எழுத்து மூலமாக நிறுவனத்துக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள்.